எழுந்துபோன கார்

சென்னியப்பனுக்கு ஒரே ஒரு வகை வாடிக்கையாளரைக் கண்டால்தான் பயம். சத்தம் போடுகிறவர், துணியைக் கசக்கிப் பார்க்கிறவர், எதிர்க்கடையில் பாதி விலை என்று சாமிமேல் சத்தியம் செய்கிறவர், இவர்களையெல்லாம் உட்காரவைத்து, மோர் கொடுத்து, மூட்டையையும் கட்டி அனுப்பிவிடுவார். விலையே கேட்காமல், துணியைத் தொடாமல், கம்மென்று உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்கிற ஆள் வந்தால்தான் உள்ளங்கை வேர்க்கும். அப்படிப்பட்ட ஆள் முன்னால் அவர் தானாகவே பேச ஆரம்பித்து, தானாகவே விலையை இறக்கி, கடைசியில் தானாகவே நட்டப்பட்டும் இருக்கிறார்.

மற்றபடி ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் அவரை அசைத்தவர் கிடையாது. வாங்கப் போகும் இடத்தில் அவருக்கு இரண்டு ஆயுதங்கள். ஒன்று, தோளில் கிடக்கும் துண்டு. அவருடைய அப்பா அந்தியூர்ச் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டால் மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். எத்தனை விரலோ அத்தனை விலை. பக்கத்தில் நிற்பவன் தலைகீழாக நின்றாலும் தெரியாது. சென்னியப்பன் அதைத் துணி வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார்.

இரண்டாவது ஆயுதம், எழுந்து போவது. பேரம் படியாத கட்டத்தில் அவருடைய மனைவி சம்பூரணம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "வேண்டாங்க, வாங்க போலாம்" என்பார். சென்னியப்பன் பெருமூச்சோடு எழுந்து செருப்பைத் தேடுவார். செருப்பு அகப்பட நேரமாகும். அகப்பட்டு, வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். கூப்பிடாத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு இருவரும் திம்பம் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இன்னொரு காரில் மகள் சிந்துஜா வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. புதுவீடு பார்த்திருந்தாள். குக்கர், மிக்ஸி, மெத்தை எல்லாம் அவள் காரில். ஊறுகாய் ஜாடிகள் மட்டும் உடைந்துவிடக் கூடாதென்று சம்பூரணத்தின் மடியில்.

"பாத்தியா அம்மிணி, முகூர்த்த நாளுன்னு ரோட்டுக்காரன் வெலைய ஏத்திட்டான்" என்றார் சென்னியப்பன், டிஸ்ப்ளேயைக் காட்டி.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. அந்தப் பொட்டியவே என்னத்தைப் பாக்கறீங்க?"

"நீ பாத்துட்டே இரு, நம்ம தரகன் எப்படிக் கறக்கறான்னு."

மலைச்சாலைகளுக்கு அடியில் கம்பி பதித்து, மேலே ஏறும் கார்களுக்குப் போகப்போகவே மின்சாரம் ஊட்டுகிற ஏற்பாடு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சாலையை ஏலம் எடுத்த கம்பெனியை எல்லோரும் ரோட்டுக்காரன் என்றே சொன்னார்கள். கூட்டத்துக்குத் தகுந்தபடி அவன் விலையை ஏற்றுவான், இறக்குவான். அவனோடு மல்லுக்கட்ட மனிதனுக்கு நேரம் ஏது? அதனால் ஒவ்வொரு காரிலும் ஒரு தரகன் இருந்தான். ஆள் இல்லை, ஒரு புரோகிராம். முதலாளி பேசுவதைக் கேட்டு, கொடுப்பதைப் பார்த்து, அவர் எப்படிப் பேரம் பேசுவாரோ அப்படியே பேசப் பழகிக்கொள்ளும். பெரும்பாலானவர்களின் தரகன்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொடுத்துவிடும். சென்னியப்பனின் தரகன் அப்படி விடுகிற ரகமில்லை.

"போன மாசம் பெருந்துறை ரோட்டுச் சார்ஜ் கடையில பண்ணுனானே, மறந்துட்டியா? செத்த மாதிரி கெடந்தான். வண்டி வழிய மறிக்குதுன்னு கடைக்காரனே வெலையக் கொறச்சுக் குடுத்து அனுப்பிவெச்சான். நாஞ் சொல்லிக் குடுக்கவே இல்ல. என்னையப் பாத்தே கத்துக்கிட்டான்!"

அந்தக் கதையை அவர் கடைவீதி முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தார். காரின் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்து, "ஏவாரின்னா இவன் ஏவாரி" என்றும் சொல்லியிருந்தார். அவருக்கு அது பாராட்டு. தரகன் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது.

"புள்ளை வர்றாளான்னு பாருங்க" என்றார் சம்பூரணம்.

"வர்றா. நாலஞ்சு வளைவு கீழ வெளிச்சம் தெரியுது. அவளை நெனச்சாத்தான் எனக்கு வருத்தம். கறிகாய்க்காரி சொன்ன காசைக் குடுத்துட்டு நன்றி வேற சொல்றா. யாரு ஜாடைன்னே தெரியல."

"எங்கப்பா ஜாடை. நல்ல மனுசன்."

"அதான் ஏமாந்து தறிக்குடோனை வித்தாரு." இதைச் சொல்லிவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு வேலை பண்ணிட்டேன். நேத்து அவ குளிக்கப் போனப்ப, நம்ம தரகனை அப்படியே அவ வண்டியில நகல் எடுத்துப் போட்டுட்டேன். இனி அவ ஏமாற வழியில்ல."

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா விடுவாளா?"

சம்பூரணம் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கார் செத்தது.

சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பழைய காலத்து வண்டியென்றால் இருமும், உதறும், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லும். இது, பேசிக்கொண்டிருந்த மனிதன் பாதி வார்த்தையில் கண்ணை மூடியதைப் போல நின்றது. ஏசியின் மூச்சு அடங்கியது. டிஸ்ப்ளே கறுத்தது. ஸ்டீரிங் மரக்கட்டையாக இறுகியது. முன்விளக்கு அணைந்ததும், அதுவரை எட்டி நின்ற மூடுபனி கண்ணாடிவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சக்கரங்கள் தாமாகப் பூட்டிக்கொண்டதால் வண்டி பின்னால் உருளவில்லை. ஆனால் நின்ற இடம் கொண்டை ஊசி வளைவின் நட்ட நடு. வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாகச் சாலைக்குக் குறுக்கே கிடந்தது.

மேலே எங்கோ, மூன்று நான்கு வளைவு தள்ளி, ஒரு லாரி ஹார்ன் அடித்தது. நீளமாக, கனமாக. தாளவாடிப் பக்கமிருந்து கரும்பு ஏற்றி இறங்குகிற லாரி. அந்த மலையில் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துத்தான் இறங்குவார்கள். எதிரில் வெளிச்சம் தெரியாவிட்டால் சாலை காலி என்று வைத்துக்கொண்டு, முழு அகலத்தையும் எடுத்துத் திருப்புவார்கள். அவ்வளவு பாரத்தோடு இறங்குகிற லாரி நினைத்த இடத்தில் நிற்காது. இது சென்னியப்பனுக்கும் தெரியும்.

அவர் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

"முதலாளி, மெல்லப் பேசுங்க" என்றது ஒரு குரல், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து. தரகனின் குரல்தான். ஆனால் கிசுகிசுப்பாக, துண்டுக்குள்ளிருந்து வருவதைப் போல.

"என்றா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலீங்க. எந்திரிச்சுட்டேன்."

"எந்திரிச்சுட்டியா?"

"ரோட்டுக்காரன் வெலைய எறக்கலீங்க. அதான் கடைய விட்டு எந்திரிச்சுட்டேன். வளைவுல ஒரு வண்டி செத்துக் கெடந்தா பின்னாடி வர்ற வண்டியெல்லாம் நின்னுபோயிரும். அத்தனை ஏவாரமும் அவனுக்குப் போச்சு. சித்தெ பொறுங்க, அவனாக் கூப்பிடுவான்."

சென்னியப்பனுக்கு ஒரு கணம், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த ஹார்ன் அந்தப் பெருமையைத் துடைத்துக்கொண்டு போனது. அது ஒரு வளைவு இறங்கியிருந்தது.

"பேட்டரியில சார்ஜ் இருக்குதா, இல்லையா?"

"கைச்சரக்கை ஏனுங்க வெளிய காட்டோணும்? நீங்களே காட்டமாட்டீங்க."

"விளக்கையாவது போடு! லாரி வருது!"

"விளக்கு எரிஞ்சா செத்துட்டேன்னு யாருங்க நம்புவாங்க? அது பழைய டீசல் லாரிங்க, அதோட பேச வழியில்ல. வந்தா நமக்கு நல்லதுதானுங்க. அது பக்கத்துல வர வர ரோட்டுக்காரனுக்குப் பயம் ஏறும், வெலை எறங்கும்."

"அவனுக்குப் பயமா? எங்களுக்கு?"

"முதலாளி பயப்பட மாட்டாருங்க" என்றது தரகன், அத்தனை விசுவாசமாக. "நான் பாத்திருக்கேன்."

சம்பூரணம் அவர் முழங்கையைப் பிடித்தார். "ஏனுங்க, எறங்கிருவோம்."

இறங்கியிருக்கத்தான் வேண்டும். கதவு அப்போது பூட்டியிருக்கவில்லை. கைப்பிடியை இழுத்து ஓடியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் வண்டி புதுசு. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதை லாரிக்குக் கொடுத்துவிட்டு ஓட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. அதனால் வாழ்க்கையில் ஒருபோதும் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"டேய், ரோட்டுக்காரன் எவ்வளவு கேட்டாலும் குடுத்துடு! வண்டிய எடு!"

பிறகு நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் 'டக்'கென்று பூட்டிக்கொண்டன.

"நீங்க யாருங்க?" என்றது தரகன்.

குரலில் இருந்த பணிவு காணாமல் போயிருந்தது.

"நாந்தான்டா, சென்னியப்பன்!"

"எங்க முதலாளி ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லீங்க. குரலு அவருதாட்டத்தான் இருக்குது. யாரோ அவரை மெரட்டிப் பேச வெக்கறீங்க, இல்லாட்டி வண்டியத் திருடிட்டு வந்திருக்கீங்க. போலீசுக்குச் சொல்லியாச்சு. அவங்க வர்ற வரைக்கும் கதவு தெறக்காது."

கைப்பிடியை இழுத்தார், அசையவில்லை. இந்த மாதிரி நேரத்துக்கென்று கதவின் அடியில் கையால் இழுக்கிற கொக்கி ஒன்று வைத்திருப்பார்கள். வைத்துத்தான் இருந்தார்கள். சென்னியப்பன் கம்பெனி உறையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தெரிந்த கடையில் மலிவாகப் போட்ட ரெக்ஸின் உறை அதன்மேல் இழுத்துத் தைக்கப்பட்டிருந்தது. நகத்தால் பிறாண்டினார். நல்ல தையல். தன் பேரத்தில் கிடைத்த தையல் முதல்முறையாக உறுதியாக இருந்தது.

கண்ணாடியை முழங்கையால் இடித்தார். ஊறுகாய் ஜாடியை வாங்கி அடித்தார். ஜாடி உடைந்தது. கண்ணாடி உடையவில்லை. மாவடு வாசனை வண்டி முழுக்கப் பரவியது. ஹார்ன் இப்போது தலைக்கு நேர் மேலே, இரண்டு வளைவுக்கு அப்பால்.

சம்பூரணம் அழவில்லை. அவர் கணவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷமாக எத்தனையோ கடைகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த முகம் அது. அந்த முகம் இப்படி இருந்து அவர் பார்த்ததில்லை. தரகனும் பார்த்ததில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறதென்று சம்பூரணத்துக்குத்தான் முதலில் பிடிபட்டது.

"ஏனுங்க" என்றார் நிதானமாக. "துண்டை எடுங்க."

"என்னது?"

"துண்டைப் போட்டுப் பேசுங்க. நீங்கதான்னு அதுக்குத் தெரியோணும்."

சென்னியப்பன் தோளிலிருந்து துண்டை உருவி ஸ்டீரிங்கின்மேல் போட்டார். அதற்கடியில் கையை விட்டார். அதுதான் வழக்கம், விலையைச் சிந்துஜா கேட்டுவிட்டால் திட்டுவாள் என்று காரில் இப்படித்தான் பேசிப் பழக்கியிருந்தார். ஸ்டீரிங் அவர் விரல்களை எண்ணும். ரோட்டுக்காரன் கேட்கும் விலையை உள்ளங்கையில் துடித்துத் துடித்துச் சொல்லும்.

ஸ்டீரிங் துடித்தது. நான்கு தரம். ரோட்டுக்காரன் வழக்கமான விலைக்கு நாலு பங்கு கேட்கிறான்.

சரி என்று நான்கு விரலையும் இறுக்கிவிட அவர் கை பறந்தது. அடக்கிக்கொண்டு, ஒரு விரலை மட்டும் இறுக்கினார்.

துடிப்பு நின்றது. ரொம்ப நேரம் எதுவும் இல்லை. ரொம்ப நேரம் என்பது அவர் கணக்கில். லாரியின் எஞ்சின் முனகல் இப்போது ஹார்ன் இல்லாமலே கேட்டது.

"கை வேர்த்திருக்குதுங்களே" என்றது தரகன் சந்தேகமாக.

"மாவடுத் தண்ணிடா" என்றார் சென்னியப்பன். குரல் உடையாமல் வந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. "ஜாடி ஒடஞ்சிருச்சு. அது கெடக்குது, ஏவாரத்தைப் பாரு."

மூன்று தரம் துடித்தது. அவர் ஒரு விரலோடு இன்னொரு விரலின் நுனியை மட்டும் தொட்டார். ஒன்றேகால். லாரி வளைவு திரும்பியது. அதன் வெளிச்சம் மேலே மூடுபனியைப் பால் நிறமாக்கியது. இன்னும் ஒரே வளைவு. கையை உதறி ஸ்டீரிங்கை உலுக்க வேண்டும்போல் இருந்தது. உலுக்கினால் அவசரம். அவசரப்படுகிறவன் சென்னியப்பன் இல்லை.

அப்போது சம்பூரணம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். குரலில் முப்பது வருஷப் பழக்கம் இருந்தது.

"வேண்டாங்க, வாங்க போலாம்."

சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். குனிந்து, காலடியில் செருப்பைத் தேடுவதுபோல் துழாவினார். செருப்பு காலிலேயேதான் இருந்தது.

"முதலாளி!" என்றது தரகன், அப்படி ஒரு சந்தோஷத்தோடு. "நீங்கதானுங்களா! ரோட்டுக்காரன் படிஞ்சுட்டானுங்க. ஒண்ணரை!"

விளக்குகள் எரிந்தன. கார் துள்ளி எழுந்து மலையோரச் சுவரை ஒட்டிக்கொண்டது. அடுத்த மூச்சில் லாரி வளைவுக்குள் வந்தது. முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்புத் தோகைகள் கண்ணாடியை முன்னாலிருந்து பின்னால்வரை கீறிக்கொண்டு போயின. பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று பறந்தது. டிரைவர் ஏதோ திட்டினார். அது என்ன வார்த்தை என்பதைக் காற்று கொண்டுபோய்விட்டது.

கதவு திறந்தது. சென்னியப்பன் இறங்கி, சாலையோரத்தில் குந்தி, வாந்தி எடுத்தார். சம்பூரணம் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணரைக்கு முடிச்சேனுங்க" என்றது கார் பின்னாலிருந்து. "எந்திரிச்சது நல்லதாப் போச்சு."

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த சென்னியப்பன் கீழே பார்த்தார். லாரியின் சிவப்பு விளக்குகள் பனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அதற்கும் கீழே, இரண்டு வளைவு தள்ளி, மகளின் காரின் வெளிச்சம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. வளைவில் திரும்பியது.

அணைந்தது.

"ஏனுங்க" என்றார் சம்பூரணம்.

சென்னியப்பன் ஓடிப்போய்த் தன் காரின் ஹார்னில் கையை வைத்து அழுத்தினார். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். லாரிக்காரர் அதைக் கோபமென்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு முறை பதிலுக்கு ஹார்ன் அடித்துவிட்டு இறங்கிக்கொண்டே இருந்தார்.

"டேய், அந்த வண்டியில இருக்கறதும் நீதான்டா! நீயே சொல்லு, விளக்கப் போடச் சொல்லு!"

"அது வேற வண்டிங்க" என்றது தரகன். "இன்னொரு ஏவாரிகிட்ட நம்ம நெலவரத்தைச் சொல்லலாங்களா?"

போன் அடித்தது.

"அப்பா, வண்டி திடீர்னு செத்துப்போச்சுப்பா!" சிந்துஜாவின் குரல் மேலும் கீழும் ஏறி இறங்கியது. "உள்ள யாரோ பேசறாங்க. உங்களாட்டவே பேசுது. முதலாளி மெல்லப் பேசுங்கங்குது. எவ்வளவு ஆனாலும் சரி, குடுத்துடு, எடுன்னேன். கதவைப் பூட்டிக்கிச்சுப்பா. நீ யாருன்னு கேக்குது!"

"கண்ணு, இதக் கேளு. அது நம்ம தரகன். நாந்தான் போட்டேன்."

அவள் மூச்சை இழுத்தது போனில் கேட்டது.

"நீங்களா?"

"திட்டறதுன்னா பொறவு திட்டு சாமி. இப்ப துப்பட்டாவ எடுத்து ஸ்டீரிங் மேல போடு. உள்ள கைய விடு. எத்தனை தரம் துடிக்குதோ அதுல கால்வாசி விரலுதான் பிடிக்கோணும். மெதுவாப் பிடி. எதுக்கும் சரின்னு சொல்லிராத."

துணி உரசும் சத்தம். ஹார்ன் ஒன்று காற்றில் கேட்டது. அரை நொடி கழித்துப் போனிலும் கேட்டது.

"நாலு துடிச்சுது... ஒண்ணு பிடிச்சேன்... அப்பா, என் கை நடுங்குதுங்குது. இது முதலாளி கையில்லங்குது. அஞ்சாக்கிருச்சு!" அவள் அழுதாள். "எனக்கு இது வராதுப்பா. வராதுன்னு உங்களுக்கே தெரியுமில்ல!"

"வரும் கண்ணு. என் பொண்ணு நீ. சின்ன வயசுல என் மடியில உக்காந்து எத்தனை ஏவாரம் பாத்திருக்கற..."

அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று அவளை நிறுத்தியது. அழுகை அடங்கியது.

"அப்பா" என்றாள். "போனை வெச்சுராதீங்க. பேசவும் பேசாதீங்க."

"என்ன பண்ணப் போற?"

பதில் இல்லை.

"சிந்து?"

பதில் இல்லை. போன் கட்டாகவில்லை, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சம்பூரணம் அவர் வாயைக் கையால் பொத்தினார். இருவரும் சாலையோரத்தில் நின்று, ஒரு காதால் போனையும் ஒரு காதால் மலையையும் கேட்டார்கள். கீழே சிவப்பு விளக்கு ஒரு வளைவைத் திரும்பி மறைந்தது. இனி அடுத்தது அவள் வளைவுதான்.

போனில் தரகனின் குரல் கேட்டது. "ஏனுங்க... ஏதாவது சொல்லுங்க."

அமைதி.

"ரோட்டுக்காரன் மூணுக்கு வர்றானாம்."

அமைதி. அவள் மூச்சுகூடக் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டிருப்பாள், சாய்ந்து உட்கார்ந்திருப்பாள் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. கூரையைப் பார்த்துக்கொண்டு. விலை கேட்காமல். ஒன்றையும் தொடாமல். மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை துணி விலைகளைக் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவின் உள்ளங்கை எப்போது வேர்க்கிறது என்பதைக் கற்றுக்கொண்டிருந்தது.

"ரெண்டுக்குப் பேசிரலாங்க... ஒண்ணரை? ஏனுங்க, இப்படிக் கம்முனு இருந்தா எப்படிங்க?"

அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது. சென்னியப்பன் அந்த நடுக்கத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அது அவருடையது. பேரத்தை நகல் எடுத்தபோது பயமும் சேர்ந்து போயிருக்கிறது.

லாரி ஹார்ன் போனுக்குள்ளிருந்து கேட்டது, மிகப் பக்கத்தில். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரீங்க, சரீங்க! ரோட்டுக்காரன் கரண்டே வேண்டாங்க. நம்ம கைச்சரக்குலயே எடுக்கறேன், நட்டமானாலும் பரவால்லீங்க, எதாச்சும் பேசுங்க..."

"ஏனுங்க! வெளிச்சம்!" என்றார் சம்பூரணம்.

கண்ணைத் திறந்தார். கீழே பனிக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மின்னி, ஓரமாகத் துள்ளின. ஒரு பெரிய இருட்டு அவற்றை மறைத்துக்கொண்டு கடந்தது. கடந்த பிறகும் புள்ளிகள் அங்கேயே இருந்தன.

மூவரும் திம்பம் உச்சியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டிகளை நிறுத்தினார்கள். சிந்துஜா இறங்கி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவிடம் பேசவில்லை. சம்பூரணத்துக்குக் குளிர் தாங்கவில்லை. "நான் உள்ளயே சித்தெ உக்காந்துக்கறேன்" என்று காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சென்னியப்பன் மகள் பக்கத்தில் போய் நின்றார். "மைசூர் போனதும் ரெண்டு வண்டியிலயும் அதைப் புடுங்கி எறிஞ்சிடறேன் கண்ணு."

"மெல்லப் பேசுங்க" என்றாள் சிந்துஜா. "கேக்குது."

முதல் வார்த்தையைப் பேசிவிட்டாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. டீக்கடைக்காரர் மூன்று டீயை வைத்தார். குளிருக்குக் குல்லாய் போட்ட, வயதான மனிதர். மலை உச்சியில் பால் கிடைக்காது என்று விலையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். சென்னியப்பன் மகளைப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப்பையிலிருந்து ஒரு பெரிய நோட்டை எடுத்து, பலகையின்மேல் வைத்து, வாழ்நாளில் இரண்டாம் முறையாக அவருக்குப் பழக்கமில்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"மிச்சத்தை நீங்களே வெச்சுக்குங்க."

முதுகுக்குப் பின்னால், இரண்டு கார்களிலும், ஒரே நேரத்தில், 'டக்'கென்று கதவுகள் பூட்டிக்கொண்டன.

அவர் திரும்பிப் பார்த்தார். சம்பூரணம் கண்ணாடிக்குப் பின்னால் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தார். கார் நின்றது சரிவில். பின்சக்கரங்களை ஒட்டிப் பள்ளம். முன்விளக்குகள் சென்னியப்பன் முகத்தின்மேல் ஒரு முறை எரிந்து, அடையாளம் பார்ப்பதுபோல் நின்று, அணைந்தன.

சென்னியப்பன் மெதுவாக டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். நோட்டின்மேல் கையை வைத்துத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். தோள் துண்டை உதறினார்.

"ஏனுங்க பெரியவரே" என்றார். "டீ என்ன வெலை சொன்னீங்க?"

"அதான் குடுத்துட்டீங்களேங்க."

"அந்த வெலைக்கெல்லாம் கட்டாதுங்க. சொல்ற வெலையச் சொல்லுங்க."

பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிந்துஜாவுக்கு விளங்கியது. அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். காருக்குள்ளிருந்து, சாத்திய கண்ணாடி வழியாக, சம்பூரணத்தின் மெல்லிய குரல், நடுங்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு வந்தது.

"வேண்டாங்க, வாங்க போலாம்."